செப்டம்பர் 10 - அப்துல் ஹமீத் நினைவுக் கல்லுல என்ன எழுதலாம்? சொல்லுங்க

எல்லையோரத்தான் (பள்ளிப்பட்டு):
எல்லாருக்கும் வணக்கம். நம்ம பள்ளிப்பட்டு பக்கத்துல ஒரு ஊர்ல பட்டாளத்துல இருந்து ரிடையர் ஆன அண்ணனுங்க சேர்ந்து ஸ்கூல் வாசல்ல ஒரு கல்லு வைக்கப் போறாங்க, 1965 பாகிஸ்தான் போர்ல செத்துப் போன, போர்க்கள வீரத்துக்கு நாட்டோட பெரிய விருதான பரம்வீர் சக்ரா வாங்கின அப்துல் ஹமீத் நினைவா. பஞ்சாயத்துலயும் ஸ்கூல்லயும் சரின்னுட்டாங்க, கல்லுக்கு காசும் சேர்ந்துடுச்சு. என்ன எழுதறதுன்றதுலதான் ஒரு வாரமா சண்டை. ஒருத்தர் "7 டேங்கை தனி ஆளா அழித்த மாவீரன்"னு பெருசா போடணும்றாரு, இன்னொருத்தர் உத்தரப்பிரதேசத்துக்காரருக்கு இங்க எதுக்கு கல்லு, நம்ம ஆளுங்க எத்தனை பேரு இருக்காங்கன்றாரு. எனக்கு தெரிஞ்சத சொல்லிடறேன். 1933ல காஜிப்பூர் ஜில்லா தாமுப்பூர்ல பொறந்தாரு, அப்பா தையல்காரரு. 1954 டிசம்பர்ல கிரெனேடியர்ஸ் ரெஜிமெண்ட்ல சேர்ந்தாரு, அப்புறம் 4வது பட்டாலியன். 62 சீனா போர்லயும் அந்த பட்டாலியன் நம்கா சூ ஆத்தங்கரையில நின்னுது. 65ல பஞ்சாப் கேம்கரன் செக்டர்ல, சீமா கிராமத்துக்கு முன்னாடி, செப்டம்பர் 10 அன்னைக்கு செத்துப் போனாரு. வயசு 32. நாலு பக்கம் கல்லு இல்ல, ஒரே பக்கம்தான், பசங்க நின்னு படிக்கற அளவுக்கு இருந்தா போதும். யோசனை சொல்லுங்க.

நகரி தறி:
அண்ணா ரொம்ப நல்ல காரியம். நான் பார்டருக்கு இந்தப் பக்கம், ஆந்திரா நகரில இருக்கேன், எங்க தெருவுல எல்லாம் தமிழ் பேசற நெசவுக்காரங்கதான், ஆனா பசங்க படிக்கறது தெலுங்கு மீடியம். அதனால ஒரு ரிக்வெஸ்ட், தெலுங்குலயும் நாலு வரி போடுங்க. அந்த ஸ்கூலுக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் பசங்க வராங்கன்னு நினைக்கறேன். நம்பர் பத்தி எனக்கு கருத்து ஒண்ணும் இல்ல, ஏழுன்னுதான் சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன்.

சோளிங்கர் ராஜா:
தப்பா எடுத்துக்காதீங்க, அந்த "நம்ம ஆளு" கேள்வி கேட்டவரு பக்கமும் நியாயம் இருக்கு. மேஜர் சரவணன் இருக்காரு, கார்கில்ல 1999 மே 29ல படாலிக்ல விழுந்தாரு, பீகார் ரெஜிமெண்ட், திருச்சிக்காரரு, அவரு உடம்பு கீழ வர ஒரு மாசத்துக்கும் மேல ஆச்சு, வீர் சக்ரா. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இருக்காரு, 1987 நவம்பர்ல இலங்கையில, பரம்வீர் சக்ரா. காஞ்சிபுரம் பக்கம் கீழோட்டிவாக்கம் சுபேதார் சுப்பிரமணியன் இருக்காரு, 1944ல இத்தாலியில மைன் வெடிக்கறதுக்குள்ள அது மேல விழுந்து கூட இருந்தவங்கள காப்பாத்தி செத்தாரு, பிரிட்டிஷ்காரங்களோட பெரிய வீர விருது ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. நம்ம பசங்கள கேளுங்க, ஒருத்தருக்கும் இவரு பேரு தெரியாது. இவங்களுக்கு எல்லாம் கல்லு வெச்சிட்டு அப்புறம் ஹமீதுக்கு வைக்கலாமே. கோவத்துல சொல்லல, நிஜமாவே மனசு கேக்கல.

எல்லையோரத்தான் (பள்ளிப்பட்டு):
ராஜா, நீங்க சொன்ன மூணு பேருக்கும் வைக்கணும், அதுல மறுபேச்சே இல்ல. ஆனா ஹமீதுக்கும் இந்த பூமிக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, அதனாலதான் அண்ணனுங்க இவர எடுத்தாங்க. 1966 ஜனவரி 26 குடியரசு தினத்துல டெல்லியில அந்த மெடல ஹமீதோட சம்சாரம் ரசூலன் பீவி கையில குடுத்தது ஜனாதிபதி சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவரு நம்ம திருத்தணிக்காரரு. செப்டம்பர் 5ல ஆசிரியர் தினம்னு நம்ம ஸ்கூலு முழுக்க அவரு போட்டோவுக்கு மாலை போடறோம், அஞ்சு நாள் கழிச்சு வர்ற 10ம் தேதி யாருக்கும் நினைப்புல இல்ல. அந்த ரெண்டு தேதியையும் பசங்களுக்கு சேர்த்து சொல்லணும்னுதான் ஆசை. திருத்தணியே 1960ல தான் ஆந்திராவுல இருந்து மெட்ராஸ் ஸ்டேட்டுக்கு வந்துது, மபொசி தலைமையில அவ்ளோ போராட்டம் நடந்த எல்லை இது. நம்மளுக்கு எல்லைன்னா ஒரு செக்போஸ்ட், ஒரு கரும்பு லாரி, ரெண்டு மொழி. அவங்களுக்கு அங்க எல்லைன்னா என்னன்னு பசங்க தெரிஞ்சிக்கட்டும்.

ஆர்சிஎல் பழைய ஆளு:
தம்பி, நான் இன்ஃபண்ட்ரியில ஆன்டி டேங்க் பிளாட்டூன்ல இருந்தவன், இப்ப குடியாத்தம் பக்கம் செட்டில். டேங்க அடிக்கற 106 எம்எம் ரிகாயில்லெஸ் கன், ஆர்சிஎல்னு சொல்வோம், அது மேல என் கை பல வருஷம் பட்டிருக்கு. கல்லுல நம்பர் போடறதுக்கு முன்னாடி அந்த கன் எப்படி வேலை செய்யும்னு நாலு பேருக்கு தெரியணும், அப்பதான் அவரு செஞ்சது எவ்ளோ பெருசுன்னு புரியும்.

அது ஆளு தோள்ல தூக்கற கன் இல்ல, 200 கிலோவுக்கு மேல, ஜீப்பு மேல ஏத்தி வெச்சிருப்பாங்க. பீரங்கி சுட்டா பின்னாடி உதைக்கும் இல்ல, இதுல அந்த உதை இருக்காது, ஏன்னா ஷெல்லு முன்னாடி போகும்போதே வெடிமருந்து காத்து பின்பக்கமா பிச்சிக்கினு வெளிய போயிடும். தோட்டா கூடே சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், அதுக்குத்தான். பின்னாடி யாராவது நின்னா உயிரோட இருக்க முடியாது. இப்ப விஷயத்துக்கு வரேன், அந்த பின் காத்து தரையில இருக்கற மண்ணு புழுதி எல்லாத்தையும் ஆளு உயரத்துக்கு மேல கிளப்பிடும். ஒரு தடவை சுட்டா போதும், நீ எங்க இருக்கன்னு எதிரிக்கு தெரிஞ்சிடும். அதனால சுடு, உடனே இடத்த மாத்து, மறுபடி சுடு. ட்ரில்லுலயே அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க.

இன்னொண்ணு. பெரிய கன்னுக்கு மேல ஒரு சின்ன ஸ்பாட்டிங் ரைஃபிள் இருக்கும். குறி பார்த்து ஒரு குமிழ வெளிய இழுத்தா சின்னது சுடும், அந்த குண்டு டேங்க் மேல பட்டா ஒரு பொட்டு பொகை வரும், ஆங் சரி கணக்கு கரெக்ட்டுன்னு அதே குமிழ உள்ள அமுக்கினா பெருசு சுடும். இழு, பாரு, அமுக்கு. இத செய்யும்போது எதிர்ல பாகிஸ்தானோட பட்டன் (Patton) டேங்க் 90 எம்எம் கன்னோட உன்ன பார்த்துக்கினு வருது, உனக்கு மறைவுன்னா ஜீப்பு தகரமும் கரும்புத் தோட்டமும்தான். அந்த நேரத்துல கை நடுங்காம அந்த குமிழ இழுத்துட்டு பொகைக்காக காத்திருக்கணும்.

ஹமீது சும்மா தைரியத்துல போனவரு இல்ல. ஸ்டோர் பார்க்கற கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாரு, அரிசி பருப்பு பூட்ஸ் கணக்கு பார்க்கறவரு, ஆனா அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா அந்த கன்னுலயே வேலை செஞ்சவரு. அதனாலதான் அன்னைக்கு டிடாச்மெண்ட்ட, அதாவது அந்த கன் குழுவ, அவரு கையில குடுத்தாங்க. பசங்களுக்கு அத சொல்லுங்க. பயிற்சி இல்லாத தைரியம் அந்த வயல்ல ரெண்டு நிமிஷம் கூட தாங்கி இருக்காது.

மாம்பழச்சித்தூர்:
சார் படிக்க படிக்க உடம்பு சிலிர்க்குது. நம்பர் விஷயத்துல உங்க முடிவு என்ன? எங்க வாட்ஸ்அப் குரூப்ல 7, 8, ஒருத்தர் 10ன்னு கூட போடறாங்க.

ஆர்சிஎல் பழைய ஆளு:
பரம்வீர் சக்ரா சைட்டேஷன்ல என்ன இருக்குன்னு சொல்றேன் தம்பி, அதுதான் அரசாங்கம் எழுதி வெச்சது. செப்டம்பர் 10 காலைல 8 மணிக்கு பட்டன் டேங்க் ரெஜிமெண்ட் ஒண்ணு பிக்கிவிண்ட் ரோட்டுல சீமா கிராமத்துக்கு முன்னாடி தாக்குது, அதுக்கு முன்னாடியே பயங்கரமா ஷெல் அடிக்கறாங்க. 9 மணிக்கெல்லாம் டேங்குங்க நம்ம முன்வரிசைக்குள்ள பூந்துடுச்சு. ஹமீது ஜீப்ப எடுத்துக்கினு பக்கவாட்டுல போறாரு. முன்னாடி வந்த டேங்க அடிக்கறாரு. உடனே இடத்த மாத்தி இன்னொண்ண அடிக்கறாரு, அது தீப்பிடிச்சு எரியுது. இப்ப அவங்க இவர பார்த்துட்டாங்க, மெஷின்கன்னும் ஷெல்லும் எல்லாம் ஜீப்பு மேலதான். அப்பவும் விடாம இன்னொரு டேங்க் மேல சுட்டுக்கினே இருக்காரு, அப்பதான் ஒரு ஷெல்லு அவரு மேல விழுது. அவ்ளோதான் சைட்டேஷன். 8ம் தேதியில இருந்து அடிச்சது எல்லாம் சேர்த்து ஏழுன்னு ரொம்ப பேரு எழுதி இருக்காங்க. நான் ஏழ பொய்யுன்னு சொல்லல. ஆனா கல்லுல பொறிக்கறது சைட்டேஷன்ல இருக்கறதா இருக்கணும்.

சோளிங்கர் ராஜா:
சார் உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா ஒரு வீரனுக்கு ஊரே ஏழுன்னு பாடும்போது நாம எதுக்கு கொறைச்சு எழுதணும்? பசங்க மனசுல நிக்கறது ஏழுதான். ரெண்டுன்னு போட்டா "என்னடா ரெண்டுதானா"ன்னு தோணாதா. நாளைக்கு யாராவது செல்போன்ல ஏழுன்னு தேடி எடுத்து காட்டினா கல்லு வெச்சவங்களுக்குத்தான் கேவலம்.

கல்வெட்டு வாத்தியார்:
ராஜா, குறுக்க வரேன் மன்னிக்கணும். நான் இந்த ஏரியா நடுகல்லுங்கள பத்து இருபது வருஷமா தேடிக்கினு திரியற ஆளு. நம்ம செங்கம், திருவண்ணாமலை, தர்மபுரி, அந்தப் பக்கம் சித்தூர் வரைக்கும் இந்த பூமியே நடுகல் பூமி. போர்ல, ஆநிரை மீட்கறதுல செத்தவனுக்கு கல்லு நட்டு எழுதற வழக்கம் நம்மள விட யாருக்கு அதிகம் தெரியும்? அந்த கல்லுங்கள்ல என்ன எழுதி இருக்குன்னு பாருங்க. எந்த ராஜாவோட எத்தனாவது வருஷம், யாரோட சேவகன், எந்த ஊர் தொறு (மாட்டு மந்தை), "மீட்டுப் பட்டான்" (மீட்டு செத்தான்), அவன் பேரு, "கல்". முடிஞ்சுது. மாவீரன், சிங்கம், புலி ஒண்ணும் கெடையாது.

தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர்ல ஒரு கல்லு இருக்கு, பல்லவ மகேந்திரவர்மன் காலம். கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன் தொறு மீட்டுப் பட்டான், கூட அவன் நாயும் செத்துது. நாய் பேரு கோவிவன். கல்லுல நாயும் செதுக்கி இருக்கு, பேரும் எழுதி இருக்கு, அது என்ன செஞ்சுதுன்னும் எழுதி இருக்கு: இரு கள்ளரைக் கடிச்சு காத்து நின்னுதாம். ரெண்டு கள்ளன். எழுதினவன் பத்து கள்ளன்னு போட்டிருந்தா யாரு கேக்கப் போறா, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி? ஆனா ரெண்டுன்னுதான் போட்டான். அந்த ரெண்டுன்ற எண்ணாலதான் இன்னைக்கு நான் அந்த கல்லு முன்னாடி நின்னா அந்த நாய அப்படியே நம்பறேன். ஹமீது கல்லும் அதே மாதிரி நம்பற மாதிரி இருக்கணும். எண் கம்மியானா வீரம் கம்மி ஆகாது ராஜா. தகர ஜீப்புல இருந்து ஒரு பட்டன அடிச்சிட்டு ஓடாம ரெண்டாவதுக்கு போனான் பாருங்க, அங்கயே எல்லாம் முடிஞ்சுது.

பேரணாம்பட்டு பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். இழை ஆரம்பத்துல இருந்து படிச்சிட்டு வரேன், மனசு நெறைஞ்சு போச்சு. எங்க வீட்டுல தாத்தா காலத்துல இருந்து இவரு பேரு சொல்வாங்க, 2000ல மூணு ரூபா தபால்தலை வந்தப்ப, ஜீப்புல கன்னோட அவரு இருக்கற படம், எங்க வாப்பா வாங்கி வெச்சாரு. ஒரே ஒரு வேண்டுகோள். கல்லுலயோ அன்னைக்கு பேசற மீட்டிங்லயோ அவரு மதத்த சர்டிபிகேட் மாதிரி யாரும் எடுத்து காட்டாதீங்க. வருஷா வருஷம் செப்டம்பர் வந்தா "பாருங்க ஒரு முஸ்லிம்"னு மெசேஜ் வரும், அனுப்பறவங்க நல்ல எண்ணத்துலதான் அனுப்பறாங்க, ஆனா படிக்கற எங்க வீட்டுப் பசங்க மூஞ்சிய பார்த்தா எனக்கு வலிக்கும், நாம எதையோ நிரூபிக்க வேண்டிய ஆளுங்களான்னு அதுங்க கேக்கும். அந்த பட்டாலியன்ல அன்னைக்கு அந்த வயல்ல நின்ன எல்லாரும் ஒரே வேலையதான் செஞ்சாங்க. அவர சிப்பாயா எழுதுங்க. பேரு பேசிக்கும்.

நகரி தறி:
பாய் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. கண்ணு கலங்கிடுச்சு.

எல்லையோரத்தான் (பள்ளிப்பட்டு):
பாய், எழுதி வெச்சிட்டேன். மீட்டிங்ல பேசறவங்க கிட்டயும் முன்னாடியே சொல்லிடறேன்.

மாம்பழச்சித்தூர்:
கொஞ்சம் பெரிய படத்தையும் சொல்லணும்னு தோணுது. ஹமீது செத்த அந்த கேம்கரன் சண்டைய அசல் உத்தர் சண்டைன்னு சொல்வாங்க, அங்க ஜெயிச்சது ஒரு ஆளால மட்டும் இல்ல. 4வது மவுண்டன் டிவிஷன், மேஜர் ஜெனரல் குர்பக்‌ஷ் சிங், லாட வடிவத்துல படைய நிறுத்தி டேங்குங்கள உள்ள வர விட்டாங்க. வாய்க்கால ஒடைச்சு வயல்ல தண்ணி விட்டாங்க, கரும்பு நெட்டுக்கு நிக்குது, கீழ சேறு, பட்டன் டேங்க் எடைக்கு அப்படியே பொதைஞ்சு போச்சு. நம்ம பக்கம் கரும்பு வெட்டற சீசன்ல மழை பெஞ்சா டிராக்டர் எப்படி சிக்கிக்கும்னு பார்த்திருப்பீங்க, அது 45 டன்னுன்னா யோசிங்க. தியாகராஜ்னு ஒரு பிரிகேடியர், 2வது இண்டிபெண்டெண்ட் ஆர்மர்ட் பிரிகேடு அவரு கீழதான், மகாவீர் சக்ரா வாங்கினாரு. கடைசில பாகிஸ்தான் 97 டேங்க் வரைக்கும் இழந்துதுன்னு சொல்றாங்க, அடிபட்டது, சேத்துல விட்டுட்டு ஓடினது எல்லாம் சேர்த்து. அதையெல்லாம் கொண்டு வந்து நிறுத்தின இடத்துக்கு பட்டன் நகர்னே பேரு. இதையும் ஒரு வரி சேர்த்தா பசங்களுக்கு முழு கதையும் கெடைக்கும்.

ஆர்சிஎல் பழைய ஆளு:
சித்தூர் தம்பி சொன்னது முக்கியம். இன்னொண்ணும் சேர்த்துக்கங்க, ஜீப்புல தனி ஆளா யாரும் போக முடியாது. டிரைவரு இருப்பாரு, லோடரு இருப்பாரு. லோடரு தோட்டாவ உள்ள தள்ளி மூடினதும் கன்னர் தோள்ல ஒரு தட்டு தட்டுவாரு, ரெடின்னு அர்த்தம். அந்த தட்டு இல்லாம கன்னர் சுட மாட்டாரு. வாத்தியார் அய்யா நாய் பேரு சொன்னதும் எனக்கு அதுதான் தோணுச்சு. பேரு தெரியலன்னாலும் "உடன் இருந்த வீரர்களும்"னு ஒரு வரி வேணும். தனி ஆளான்ற சொல்லு வேணாம்.

கம்மவான்பேட்டை மருமக:
நான் பொதுவா இங்க எழுத மாட்டேன், படிக்கறதோட சரி. எங்க ஊர ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க, வீட்டுக்கு வீடு பட்டாளத்துல ஆளு இருக்கும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல பார்த்திருப்பீங்க, முதல் உலகப்போருக்கு 277 பேரு போனாங்க, 14 பேரு உயிர விட்டாங்கன்னு கல்லுல இருக்கு. ஒரு பேரு கூட இல்ல, வெறும் எண்ணு. அந்த வழியா போகும்போது எல்லாம் அந்த 14 வீட்டு பொம்பளைங்க என்ன ஆனாங்கன்னு நினைப்பேன்.

என் அண்ணன் பட்டாளத்துல இருந்து பெட்டியிலதான் வந்தான். ஊரே திரண்டு வந்துது, குண்டு முழங்கினாங்க, கொடிய மடிச்சு அண்ணி கையில குடுத்தாங்க. அதுக்கப்புறம் பேப்பருக்காக ஒரு ஆபீஸ்ல அண்ணி நின்ன நிலை எங்களுக்குத்தான் தெரியும், கைக்குழந்தைய இடுப்புல வெச்சிக்கினு, பேரு எழுத்துல ஒரு புள்ளி மாறிப் போச்சுன்னு திருப்பி அனுப்புவாங்க. அதனால சொல்றேன், ரசூலன் பீவி பேர கல்லுல போடுங்க. 65ல புருஷன் போனாரு, அந்த அம்மா 2019ல தான் போனாங்க. அம்பது வருஷத்துக்கு மேல அந்த மெடலோட வாழ்ந்தவங்க அவங்க. ராதாகிருஷ்ணன் குடுத்தாருன்னு மட்டும் எழுதி, வாங்கின கை யாருதுன்னு விட்டுடாதீங்க.

சோளிங்கர் ராஜா:
அக்கா, உங்க அண்ணனுக்கு என் வணக்கம். அண்ணி இப்ப நல்லா இருக்காங்களா?

வாத்தியார் அய்யா சொன்னத ராத்திரி பூரா யோசிச்சேன். ஏழு வேணும்னு நான் இனிமே நிக்கல, ஆனா சுப்பிரமணியன் அய்யாவுக்கும் ஒரு கல்லு வைக்கறது எப்போன்னு இதே இழையில தேதி குறிக்கணும். பிப்ரவரி 24 அவரு நினைவு நாள். காசு விஷயத்துல நான் முன்னாடி நிக்கறேன்.

கம்மவான்பேட்டை மருமக:
நல்லா இருக்காங்க தம்பி. பையன் காலேஜ் படிக்கறான். பட்டாளத்துக்கு போறேன்றான், அண்ணி வேணாம்னும் சொல்லல சரின்னும் சொல்லல.

எல்லையோரத்தான் (பள்ளிப்பட்டு):
ராஜா, பிப்ரவரி 24 குறிச்சாச்சு, நீங்கதான் முன்னாடி. எல்லாரும் சொன்னத வெச்சு அண்ணனுங்க கூட உக்காந்து எழுதினது இது, பாருங்க:

"கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அப்துல் ஹமீத். 4வது பட்டாலியன், கிரெனேடியர்ஸ். பஞ்சாப், கேம்கரன் முனையில் சீமா கிராமத்தின் முன், 10.9.1965 காலை, ஜீப்பில் ஏற்றிய பீரங்கியுடன் பக்கவாட்டில் சென்று பட்டன் டேங்க் ஒன்றை வீழ்த்தி, இடம் மாறி மற்றொன்றை எரித்து, மேலும் ஒன்றைச் சுடுகையில் பட்டார். உடன் நின்ற வீரர்களும் இக்கல்லுக்கு உரியவர். பரம்வீர் சக்ரா, 26.1.1966 அன்று திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கையிலிருந்து இவர் மனைவி ரசூலன் பீவி பெற்றார்."

கீழ தெலுங்குல இதே நாலு வரியா.

கல்வெட்டு வாத்தியார்:
"பட்டார்" போட்டீங்களே, அது போதும் எனக்கு. ஒரே ஒரு திருத்தம், தேதிய புள்ளி வெச்சு போடாம "1965 செப்டம்பர் 10"ன்னு எழுத்துல போடுங்க, கல்லு தேஞ்சா புள்ளிதான் முதல்ல போகும். எழுத்தும் ஆழமா வெட்ட சொல்லுங்க, பெயிண்ட் அடிச்சு ஒப்பேத்த விடாதீங்க.

பேரணாம்பட்டு பாய்:
சரியா இருக்கு. ஒரு எழுத்து மாத்த வேணாம்.

நகரி தறி:
தெலுங்கு நான் எழுதித் தரேன், எங்க தெருவுல தெலுங்கு வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, அவரு கிட்ட காட்டி எழுத்துப்பிழை பார்த்து நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள போடறேன்.

ஆர்சிஎல் பழைய ஆளு:
நான் 9ம் தேதி ராத்திரியே வந்துடறேன், உடம்பு ஒத்துழைக்கும். பசங்கள எட்டு மணிக்கெல்லாம் கிரவுண்டுல உக்கார வைங்க, ஹமீது இருந்த இடத்துக்கு பாகிஸ்தான் டேங்குங்க வர ஆரம்பிச்ச நேரமும் அதுதான். ஒரு பழைய மேஜையும் ஒரு தகர பைப்பும் குடுத்தா போதும், இழு பாரு அமுக்குன்னு அந்த கன்ன எப்படி சுடறதுன்னு செஞ்சு காட்டிடறேன். பைப்புக்கு பின்னாடி மட்டும் ஒரு பையனும் நிக்கக் கூடாது, வெறும் பைப்பா இருந்தாலும் சரி, அந்த பழக்கம் மொதல்ல வரணும்.